என்ன உண்பது? யாரைக் கேட்பது?

வாசகர்களே! காய்கறி வேகவைத்த ஒரு பாத்திரம் நீரைப்பற்றி முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும். அந்த நீரைக் கொட்டிவிடுவது சரியா, தவறா? பள்ளியில் படித்தவர் எவரும், "கொட்டுவது தவறு, அதில் சத்து இருக்கிறது" என்றுதான் விடை கூறுவர். நானும் அப்படித்தான் கூறினேன். அந்த விடையினால் என் பெரியப்பாவின் உயிருக்கே ஆபத்து நேர இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்திருப்பதாக மருத்துவர் கண்டுபிடித்தார். மருந்துகளை எழுதிக் கொடுத்து, உணவு நிபுணர் ஒருவரையும் பார்த்துவிடும்படி சொல்லியிருந்தார். பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னை அழைத்தார். "தம்பி, நீ எம்.எஸ்ஸி. படிச்சவன். என்ன சாப்பிடலாம்னு நீயே சொல்லிடு. அதுக்கு வேற ஒருத்தருக்குப் பணம் கொடுக்கணுமா?" என்றார்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். வெப்பமும் ஒளியும் மின்சாரமும் எனக்குத் தெரியும். சிறுநீரகம் தெரியாது. ஆயினும், "தெரியாது" என்று சொல்ல நா எழவில்லை. "தினமும் இளநீர் குடியுங்கள். கீரையும் பழச்சாறும் நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள். காய் வெந்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் ஊற்றச் சொல்லுங்கள்" என்றேன். மூன்றாவது வாரம் அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து, இதயத்துடிப்பு தாறுமாறாகியிருந்தது. பழுதுபட்ட சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் திணறும். நான் சொன்ன உணவுகள் எல்லாமே பொட்டாசியம் நிறைந்தவை!

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், உணவைப்பற்றி அறிவுரை கூறும் உரிமை யாருக்கு, எப்படி வந்தது என்னும் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பெரிய விஞ்ஞானிகளும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கின்றனர் என்பதை அறிந்தேன். அந்த வரலாற்றைத்தான் இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கப்பலில் நடந்த சோதனை

நெடுந்தூரம் கடலில் செல்லும் மாலுமிகளை 'ஸ்கர்வி' என்னும் நோய் வாட்டி வந்தது. ஈறு வீங்கிக் குருதி கசியும், பழைய புண்கள் மீண்டும் வாய் திறக்கும், இறுதியில் சாவு. அதற்கு ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்.

1747-ஆம் ஆண்டில் 'சாலிஸ்பரி' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட் ஓர் எளிய சோதனை செய்தார். ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த 12 நோயாளிகளைத் தேர்ந்து, இரண்டிரண்டு பேராக ஆறு பிரிவாக்கினார். எல்லோருக்கும் ஒரே பொது உணவு. அதன்மேல் ஒரு பிரிவினருக்கு ஆப்பிள் மது, மற்றொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலக் கலவை, இன்னொன்றுக்கு வினிகர், பிறிதொன்றுக்குக் கடல்நீர், மேலும் ஒன்றுக்குப் பூண்டும் கடுகும் சேர்த்தரைத்த மருந்து, எஞ்சிய இருவருக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துபோயிற்று. அதற்குள் பழம் உண்டவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார்!

இத்துடன் ஸ்கர்வி ஒழிந்ததா? இல்லை. லிண்ட் தம் நூலை வெளியிட்டது 1753-இல். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க முடிவு செய்தது 1795-இல். இடையில் 42 ஆண்டுகள் ஓடிவிட்டன. இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. பழம் கப்பலில் அழுகிவிடும் என்பதால், சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்துப் புட்டியில் அடைக்குமாறு லிண்டே பரிந்துரைத்தார். வெப்பத்தில் வைட்டமின் சி அழிந்துவிடும் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? சரியான உணவைக் கண்டுபிடித்தவரே, அதைத் தவறான பக்குவத்தில் கொடுக்கச் சொன்னார். எது நல்ல உணவு என்று அறிவது ஒன்று. அதைத் தேவைப்படுபவரின் வாயில் சரியான வடிவில் கொண்டு சேர்ப்பது வேறொன்று.

பேராசிரியரின் புட்டி

ஜெர்மனியின் யூஸ்டஸ் ஃபான் லீபிக், 19-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வேதியியலாருள் ஒருவர். பயிருக்கு உரம், உடலுக்கு உணவு ஆகிய இரண்டையும் வேதியியல் கண்கொண்டு பார்த்தவர். அவர் மாட்டிறைச்சியிலிருந்து ஒரு கெட்டிச் சாறு தயாரிக்கும் முறையை வகுத்தார். 1865-இல் அவர் பெயராலேயே ஒரு கம்பெனி லண்டனில் தொடங்கப்பெற்றது. தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் ஃப்ரே பெந்தோஸ் என்னும் ஊரில் தொழிற்சாலை. ஒரு கிலோ சாறு எடுக்க ஏறத்தாழ 30 கிலோ இறைச்சி தேவைப்பட்டது. ஆகவே 30 கிலோ இறைச்சியின் சத்தும் அந்தப் புட்டிக்குள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பியதில் வியப்பில்லை. மருத்துவமனைகளும் நோயாளிகளுக்கு அதை ஊட்டின.

உண்மையில் அச்சாற்றில் இருந்தவை இறைச்சியின் சுவையும் மணமும் உப்புகளுமே. உடலை வளர்க்கும் புரதமும், ஆற்றல் தரும் கொழுப்பும் மிகச் சொற்பம். பிற விஞ்ஞானிகள் இதை எடுத்துக்காட்டவே, பிற்காலத்தில் அது உணவு என்பதைவிடச் சுவையூட்டி என்றே விற்கப்பட்டது. லீபிக்கின் மேதைமையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அறிவுரை சொல்பவரும் பொருளை விற்பவரும் ஒருவராகவே இருந்தால், எத்துணைப் பெரிய அறிஞராயினும் அவர் சொல்லை இருமுறை சோதிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று அன்றோ?

இச்சாறு கடைக்கு வருவதற்கு முன்பே, இறைச்சிச் சாற்றைக் குறித்து ஐயம் எழுப்பியவர் ஒரு செவிலியர், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரின்போது, 1854-இல், ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு வந்த அவர், வீரர்கள் காயத்தைவிடச் சுகாதாரக் கேட்டாலும் ஒழுங்கற்ற உணவாலும் வாடுவதைக் கண்டார். நோயாளிகளுக்கென்று தனிச் சமையலறைகளை ஏற்படுத்தினார். 1855-இல் புகழ்பெற்ற சமையற் கலைஞர் அலெக்ஸிஸ் சுவாயே அங்கு வந்து, இராணுவச் சமையலைச் சீர்திருத்தினார். 1859-இல் எழுதிய செவிலியம் பற்றிய நூலில் நைட்டிங்கேல் உணவுக்கென்று தனி அத்தியாயங்களே ஒதுக்கினார். மாட்டிறைச்சிச் சாற்றை வற்றவைத்துப் பார்த்தால் எஞ்சுவது எவ்வளவு சொற்பம் என்பதை அதில் சுட்டிக்காட்டினார். உணவு இல்லாமல் அன்று, உணவு இருந்தும் அதை உண்ணும் நேரத்தையும் வகையையும் கவனிப்பார் இன்றியே பல நோயாளிகள் பட்டினி கிடக்கின்றனர் என்பது அவருடைய கருத்து. ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் புட்டியைப் பார்த்தார். கட்டிலருகில் நின்றவர் நோயாளியைப் பார்த்தார்.

என் துறையினரும் தப்பவில்லை

இனி, இயற்பியலின் பங்கைப் பார்ப்போம். 1782-83 குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்தனர். அதன் உடல் வெப்பத்தால் உருகிய பனிக்கட்டியின் எடையைக் கொண்டு, அது வெளியிட்ட வெப்பத்தைக் கணக்கிட்டனர். அதே அளவு கரியமில வாயுவைத் தரும் கரியை எரித்தும் பார்த்தனர். இரு வெப்பங்களும் ஏறக்குறைய ஒத்திருந்தன. மூச்சு விடுதல் என்பது மெதுவாக நிகழும் ஓர் எரிதல் என்பது விளங்கிற்று.

நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தது. 1890-களில் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் வில்பர் அட்வாட்டரும் இயற்பியலார் எட்வர்டு ரோசாவும் சேர்ந்து, மனிதனையே உள்ளே வைக்கும் கலோரிமானி ஒன்றை அமைத்தனர். கட்டில், மேசை, நாற்காலியுடன் ஒரு சிற்றறை. அதனுள் ஒருவர் நாட்கணக்கில் தங்கி உண்டார், உறங்கினார், உழைத்தார். உட்சென்ற உணவின் ஆற்றலும் வெளிவந்த ஆற்றலும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. ஆற்றல் அழியாமை விதி மனித உடலுக்கும் பொருந்தும் என்று நிறுவப்பட்டது. ஒரு கிராம் மாவுப்பொருளுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று நாம் இன்றும் பயன்படுத்தும் எண்கள் அட்வாட்டரின் ஆய்வில் பிறந்தவையே.

மாணவ நண்பர்களே, இங்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். உணவியலில் கலோரி என்று வழங்குவது உண்மையில் கிலோகலோரி ஆகும். ஒருவர் ஒரு நாளில் 2,000 கிலோகலோரி செலவிடுவதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 84 லட்சம் ஜூல். ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால், 97 வாட் கிடைக்கும். நீங்கள் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரு 100 வாட் பல்பு! வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கும்.

ஆனால், இந்தத் துல்லியமான அளவே அட்வாட்டரைத் தடுமாற வைத்தது. செலவிடும் காசுக்கு எந்த உணவு மிகுந்த கலோரியும் புரதமும் தருகிறதோ அதுவே சிறந்தது என்று அவர் கருதினார். கீரையும் காயும் பழமும் இந்தக் கணக்கில் தோற்றுப்போயின. ஏழைகள் அவற்றுக்குச் செலவிடுவது வீண் என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். அளந்த அளவு சரி; அறிவுரையோ தவறு. ஏன்? அவருடைய கருவியால் அளக்க இயலாத ஒன்று உணவில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஆசியாவின் அரிசிதான் உதவியது.

அரிசி சொன்ன பாடம்

ஜப்பானியக் கடற்படையில் 'பெரிபெரி' நோய் பரவியிருந்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் ஓயும். 1882-83-இல் 'ரியூஜோ' என்னும் பயிற்சிக் கப்பலில் சென்ற 376 பேரில் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1884-இல் 'சுகுபா' என்னும் மற்றொரு கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்தார். உணவை மட்டும் மாற்றினார். தீட்டிய அரிசியைக் குறைத்து, இறைச்சி, பார்லி, பயறு முதலியவற்றைச் சேர்த்தார். இம்முறை நோயுற்றோர் சிலரே. இறந்தவர் எவரும் இலர். குறைந்துபோனது புரதம் என்று தகாகி நினைத்தார், அது சரியன்று. எனினும் அவருடைய உணவு சரியாக அமைந்தது. ஜப்பானியத் தரைப்படையின் மருத்துவத் தலைவர்களோ இதை ஏற்கவில்லை. நோய்க்கிருமியே காரணம் என்றனர். 1904-05-இல் நடந்த ரஷ்ய-ஜப்பானியப் போரில் ஏறத்தாழ 27,000 தரைப்படை வீரர்கள் பெரிபெரியால் மாண்டனர்.

இதே காலத்தில் மலேயாவில் தமிழர்களைத் தொட்டுச் செல்லும் ஓர் உண்மை வெளிப்பட்டது. அங்கு வேலைக்குச் சென்ற சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியது. தமிழ்த் தொழிலாளர்களை அது அநேகமாக அணுகவில்லை. பிராடன் என்னும் மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1905-இல் ஃப்ளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இதைச் சோதித்தார். தீட்டிய பச்சரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை.

காரணம் பின்னர் தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் மேலுறையிலும் உள்ள வைட்டமின் பி-1 அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. பின்னர் தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிமார்கள் வைட்டமின் என்னும் சொல்லைக் கேட்டதில்லை. அச்சொல்லின் மூலவடிவத்தைக் காசிமிர் ஃபங்க் உருவாக்கியதே 1912-இல்தான். பெரிபெரி ஆய்வில் கோழிகளைக் கொண்டு வழிகாட்டிய டச்சு மருத்துவர் ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடம்

இனி நீலகிரிக்கு வருவோம். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இச்சிறு தொடக்கம் வளர்ந்து, உணவு ஆய்வுக்கூடமாக மலர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவர் ஒப்பிட்ட சோதனை புகழ்பெற்றது. கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பாலும் காயும் குறைந்து அரிசியே மிகுந்த அன்றைய சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் எடையில் கடைசியில் நின்றன. நமக்குக் கசப்பான செய்திதான். ஆனால் தேவையான செய்தி.

1935-இல் மக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைத் தொகுத்து, 1937-இல் ஒரு கையேடாக வெளியிட்டார். அரிசியைப் பலமுறை கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் பி-1 வீணாவதைக் குன்னூர் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். "வெந்த நீரைக் கொட்டாதே" என்று பள்ளிப் புத்தகங்களில் நாம் படித்த பாடத்தின் பின்னால் இத்தகைய ஆய்வுகளே நிற்கின்றன. இந்நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. அதன் உணவுச் சத்து அட்டவணைகளே இன்றும் நம் நாட்டு உணவியலாரின் கைவிளக்கு.

இப்போது என் தவறு உங்களுக்கு விளங்கியிருக்கும். குன்னூர் தந்த பாடம் பொய்யன்று. அரிசியை நம்பி வாழும் பெருந்திரளான மக்களுக்கு அது உயிர் காக்கும் பாடம். அதையே சிறுநீரகம் பழுதடைந்த ஒரு தனி மனிதருக்கு நான் அப்படியே கொடுத்தேன். உணவின் தன்மையை ஆராய்வது ஊட்டவியல். ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு, அவருடைய நோய்க்கும் மருந்துக்கும் வீட்டுக்கும் ஏற்ப அதைப் பொருத்துவது உணவியல். முன்னதை நூலில் படித்துவிடலாம். பின்னதைப் பயின்றே பெறவேண்டும்.

உணவியலார் தோன்றிய கதை

இப்பயிற்சி தனித் தொழிலானது எப்போது? முதல் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாடு நிலவியது. 1917-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் லெனா கூப்பர், லூலு கிரேவ்ஸ் ஆகிய பெண்மணிகளின் முயற்சியால் அமெரிக்க உணவியலார் சங்கம் பிறந்தது.

இத்தொழிலின் இன்றியமையாமையை உலகுக்கு உணர்த்தியது நீரிழிவு. இன்சுலினுக்கு முன்பு, கடுமையான நீரிழிவு கண்ட சிறுவர்களை அரைப்பட்டினி போட்டே சில காலம் உயிருடன் வைத்திருந்தனர். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்டு தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அவன் பிழைத்தான். ஆனால் இன்சுலின் இருமுனைக் கத்தி. உணவுக்கு மிஞ்சினால் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து மயக்கம். குறைந்தால் பழையபடி நோய். ஒவ்வொரு வேளை உணவையும் நிறுத்து, கணக்கிட்டு, நோயாளிக்கும் வீட்டாருக்கும் கற்பிக்க ஆள் தேவைப்பட்டது. மருத்துவருக்கு அதற்கு நேரமில்லை. சமையற்காரருக்கு அதற்குப் பயிற்சி இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றவரே உணவியலார். பிரிட்டனில் 1924-இல் எடின்பரோ மருத்துவமனையில் உணவியல் பிரிவு தொடங்கிற்று. 1936-இல் அங்கும் சங்கம் கண்டனர்.

நம் நாட்டில் இக்கல்வி மனையியல் கல்லூரிகள் வாயிலாக வேரூன்றியது. தில்லியில் 1932-இல் லேடி இர்வின் கல்லூரியும், கோவையில் 1957-இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும் தோன்றின. கோவைக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய ராஜம்மாள் தேவதாஸ் ஊட்டவியல் கல்விக்கு ஆற்றிய தொண்டு பெரிது. 1963-இல் இந்திய உணவியல் சங்கம் அமைந்தது. பட்டப் படிப்பு, மருத்துவமனைப் பயிற்சி, தேர்வு ஆகிய மூன்றையும் முடித்தவரை அது 'பதிவு பெற்ற உணவியலார்' என ஏற்கிறது. 2021-இல் பாராளுமன்றம் இயற்றிய துணைநிலை உடல்நலத் தொழில்கள் பற்றிய சட்டத்தின் பட்டியலில் உணவியலாரும் ஊட்டச்சத்து வல்லுநரும் இடம்பெற்றனர். தகுதி உடையோர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம்.

யாரை நம்புவது?

"சரி, ஐயா, இவ்வளவு வரலாறும் எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உணவு அறிவுரைக்கு இன்று பஞ்சமே இல்லை. எடை குறைக்கப் பொடி விற்பவர், சில வாரங்களில் சான்றிதழ் வாங்கியவர், உடற்பயிற்சிக்கூடத்துப் பயிற்சியாளர், என்னைப்போல் வேறு துறையில் பட்டம் பெற்ற உறவினர் என எல்லோரும் சொல்கிறார்கள். நோயற்றவர் பலவகை உணவும் காயும் பழமும் அளவோடு உண்ணப் பெரிய ஆலோசனை தேவையில்லை. ஆனால் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதயநோய், ஈரல்நோய், கர்ப்பம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவற்றில் உணவும் மருந்தே. அங்கே ஆளை அறிந்தே கேட்கவேண்டும். இதற்கு வரலாறு நமக்குச் சில உரைகற்களைத் தருகிறது.

முதலாவது, அவர் என்ன படித்தார், எந்த மருத்துவமனையில் பயிற்சி பெற்றார் என்று தயங்காமல் கேளுங்கள். தகுதி உடையவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

இரண்டாவது, அவர் ஏதேனும் பொருளை விற்கிறாரா என்று பாருங்கள். லீபிக்கின் புட்டியை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது, அவர் முதலில் கேட்கிறாரா, சொல்கிறாரா என்று கவனியுங்கள். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்காமல், உட்கொள்ளும் மருந்துகளை விசாரிக்காமல், வீட்டில் யார் சமைக்கிறார் என்று அறியாமல் பட்டியல் நீட்டுபவரிடமிருந்து விலகிவிடுங்கள். நோயாளியைப் பார்த்த நைட்டிங்கேலின் கண் அவருக்கு இல்லை.

நான்காவது, ஒரே ஓர் எண்ணையோ ஒரே ஓர் உணவையோ பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதுவே தீர்வு என்கிறாரா? அட்வாட்டர் போன்ற மேதையையே அப்பிடிவாதம் வழுக்கிவிழச் செய்தது.

ஐந்தாவது, மீண்டும் வரச்சொல்லிப் பலனை அளந்து பார்க்கிறாரா? உங்கள் மருத்துவருடன் கலந்து பேசுகிறாரா? மருந்தை நிறுத்திவிடச் சொல்கிறவர் எவராயினும் அவரை நம்பவேண்டாம்.

மீண்டும் அந்தப் பாத்திரம் நீருக்கு வருகிறேன். பெரியப்பா மருத்துவமனையில் இருந்தபோது, அங்கிருந்த உணவியலார், ஓர் இளம்பெண், பெரியம்மாவின் அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கேள்விகள்தாம். எந்தக் காய் வாங்குவீர்கள், எத்தனை பேருக்குச் சமையல், எந்த உப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "காய் வெந்த தண்ணியை என்ன பண்ணுவீங்கம்மா?" என்றார்.

"கொட்ட மாட்டேன்மா. ரசத்துல ஊத்திடுவேன். சத்து வீணாகக் கூடாதுன்னு இவன்தான் சொன்னான்" என்று பெரியம்மா என்னைக் காட்டினார்.

அந்தப் பெண் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மத்தவங்களுக்கு அது சரிதான், சார். இவருக்கு மட்டும் காயைச் சின்னதா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும். பொட்டாசியம் அதோட போயிடும்" என்றார். பின்னர் எந்தக் காய், எவ்வளவு, எந்தப் பழம் ஆகாது என்று பெரியம்மாவுக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்தார்.

பெரியப்பா வீடு திரும்பினார். அவ்வீட்டு அடுப்பில் இப்பொழுது காய்க்கு இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் வெந்த நீர் ரசத்துக்குப் போகிறது. மற்றொன்றில் வெந்த நீர் சாக்கடைக்குப் போகிறது. இரண்டும் சரியே. எது யாருக்கு என்று அறிந்து சொன்னவர் அந்த உணவியலார். அவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டபோது, "எனக்குத் தெரியாது பெரியப்பா, தெரிந்தவரைப் பார்ப்போம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் யாரேனும் கேட்டால் நீங்களாவது அப்படிச் சொல்லுங்கள்.